ஏழாம் தேதியும் தொண்ணூறாம் நாளும்

மராத்தியில் சம்பளத்துக்கு 'பகார்' என்று பேர். போர்த்துக்கீசியர்கள் விட்டுவிட்டுப் போன சொல். அவர்கள் மொழியில் அதற்கு 'கொடுப்பது, செலுத்துவது' என்று அர்த்தம். நம்மூரில் சம்பளத்தை சம்பா நெல், அளத்து உப்பு என்று பிரித்து விளக்கம் சொல்வார்கள். எது எப்படியோ, இரண்டு மொழியிலும் சம்பளம் என்பது கைக்கு வந்து சேர்கிற ஒன்று.

நான் வேலை பார்ப்பது புனே பக்கம். பிம்ப்ரி-சிஞ்ச்வட், போசரி, சாகண் என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகள். கார், பைக், டிராக்டர் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்னப் பாகம் செய்து கொடுக்கிற பட்டறைகள். இருபது பேர், நாற்பது பேர், மிஞ்சிப் போனால் எண்பது பேர். இவர்களுக்குக் கடன் கொடுப்பது, கொடுத்ததைக் கண்காணிப்பது, நடுநடுவே சமாதானம் சொல்வது, இதுதான் என் ஆணி. (இங்கே தென்னிந்தியன் யாராக இருந்தாலும் 'அண்ணா'தான். ஐம்பத்தைந்து வயது பட்டறைக்காரரும் என்னை அண்ணா என்பார்.) 'பகார்' என்ற சொல்லோடு நான் இங்கே அதிகம் கேட்ட இன்னொரு சொல் 'பேமெண்ட்'. முதலாவது பட்டறைக்காரர் கொடுக்க வேண்டியது. இரண்டாவது அவருக்கு வர வேண்டியது. இரண்டுமே கடந்த முப்பது வருஷத்தில் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறின. ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோடு உட்காருங்கள்.

கொசுவத்தியை 1936-லிருந்து சுற்றுவோம். அந்த வருஷம் வந்ததுதான் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்குகிற தொழிலாளிக்கானது. சம்பளத்தை நாணயமாக அல்லது நோட்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்றது. பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்கக் கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் என்றால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள், அதற்கு மேல் என்றால் 10-ம் தேதிக்குள். அந்த 7-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். 1976-ல் ஒரு திருத்தம் வந்து, தொழிலாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால் செக்காகவோ வங்கிக் கணக்கிலோ கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் எழுதிக் கொடுக்க முதலில் அவருக்கு வங்கிக் கணக்கு இருக்க வேண்டுமே.

அதனால் எல்லாம் கவர்தான். நான் வங்கியில் சேர்ந்த 2003-ல்கூட இந்தப் பேட்டைகளில் கவர் சம்பளம் சர்வ சாதாரணம். முதல் வேலை, சில்லறைப் பட்டியல். ஒவ்வொரு ஆளுக்கும் எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு, எத்தனை ஐம்பது, எத்தனை பத்து என்று கணக்குப் போட்டு, மொத்தத்துக்குக் கூட்டி, செல்ஃப் செக்கோடு சேர்த்து நீட்டுவார்கள். இதைப் போடாமல் வெறும் ஐந்நூறாக வாங்கிப்போனால் முப்பத்தைந்து பேருக்குச் சில்லறை தேடிப் பட்டறைக்காரர் தெருத்தெருவாக அலைய வேண்டும். எங்கள் கேஷியர்கள் 6-ம் தேதி காலையிலேயே பத்து ரூபாய்க் கட்டுகளைப் பதுக்கி வைப்பார்கள், வேண்டியவர்களுக்கு மட்டும். பிறகு பணம் ஸ்கூட்டர் டிக்கியில் போகும். கவரில் போடுவார்கள். சம்பள ரிஜிஸ்டரில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்தோ கைரேகையோ. ஒரு கவரில் நூறு ரூபாய் குறைந்தால் அன்றைய உற்பத்தி போச்சு.

செக்காவது கொடுத்திருக்கலாமே என்றால், வங்கிகளின் நிலைமையும் அப்போது அப்படித்தான். 1983-ல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகே கிளைகளுக்குள் கணக்குப் பதியும் மெஷின்கள் அளந்து அளந்து வந்தன. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி வங்கிகளை இயந்திரமயமாக்க வழி சொன்னது. சி.ரங்கராஜன் நம்ம அரியலூர்க்காரர், அப்போது ரிசர்வ் வங்கித் துணை கவர்னர். செக்கின் அடியில் காந்த மையில் எண் அச்சடித்து மெஷினில் பிரிக்கிற எம்ஐசிஆர் முறை அதே எண்பதுகளின் பின்பாதியில் பெருநகரங்களுக்கு வந்தது. அந்த ஒன்பது எண்களில் முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை.  

அவர் கவர்னரான பிறகு, தொண்ணூறுகளில் ஈசிஎஸ் வந்தது. ஒரு கணக்கிலிருந்து எடுத்து ஆயிரக்கணக்கான கணக்குகளில் ஒரே வீச்சில் வரவு வைக்கிற முறை. சம்பளம், வட்டி, டிவிடெண்ட் மூன்றுக்கும் என்று திட்டத்திலேயே இருந்தது. நடைமுறையில் அதிகம் பயன்பட்டது டிவிடெண்டுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஒரு வங்கி ஸ்பான்சராக நிற்க வேண்டும், ஃபைலை அவர்கள் சொல்கிற அமைப்பில் தயாரித்து கிளியரிங் ஹவுசுக்குக் கொடுக்க வேண்டும். லட்சம் பங்குதாரர்கள் இருக்கிற கம்பெனிக்கு லாபம். முப்பத்தைந்து பேர் பட்டறைக்கு? கவரே தேவலாம் என்றார்கள்.

பட்டறைப் பக்கத்தில் கணக்கு எழுதுவது கம்ப்யூட்டருக்கு மாறியது தனிக்கதை. பெங்களூரில் 1986-ல் ஒரு தந்தையும் மகனும் ஆரம்பித்த கம்பெனியிலிருந்து வந்த டாலி, இரண்டாயிரங்களில் சின்னப் பட்டறை வரை வந்துவிட்டது. 2006-ல் டாலி 9-ல் சம்பளக் கணக்கும் சேர்ந்தது. ஆக, கணக்குப் போடுவது மெஷின், கொடுப்பது கை என்ற நிலைமை. நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது.

பாலம் இரண்டு தவணையில் வந்தது. 2004 மார்ச்சில் ஆர்டிஜிஎஸ், 2005 நவம்பரில் நெஃப்ட். முதலாவது பெரிய தொகைக்கு, ஒவ்வொன்றாக உடனுக்குடன். இரண்டாவது சின்னத் தொகைக்கும், தொகுதி தொகுதியாக. கூடவே ஐஎஃப்எஸ்சி என்ற பதினோரு இலக்க முகவரி. சம்பளத்துக்கும் சப்ளையருக்கும் உயிர்நாடி நெஃப்ட்தான். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் போகும் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். அதற்கு முன், ஈசிஎஸ்ஸை விட்டால், சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கப் பெரும்பாலும் எல்லாத் தொழிலாளிகளும் முதலாளியின் கிளையிலேயே கணக்கு வைத்திருக்க வேண்டும். லெட்டர்ஹெட்டில் பட்டியல் அடித்துக் கொண்டுவருவார்கள், நாங்கள் ஒவ்வொன்றாகப் பதிவோம். எண்பது பெயர் என்றால் ஒரு கிளார்க்கின் மத்தியானம் காலி.

அப்புறம் எக்செல் ஃபைல் காலம் வந்தது. பட்டியலைக் கம்ப்யூட்டர் ஃபைலாக ஏற்றினால் ஒரே சொடுக்கில் அத்தனை பேருக்கும் போகும். ஒருவர் தயாரிப்பார், இன்னொருவர் அனுமதிப்பார். பட்டறையில் பெரும்பாலும் தயாரிப்பவர் அக்கவுண்டண்ட், அனுமதிப்பவர் முதலாளி. பல இடங்களில் இரண்டு பாஸ்வேர்டும் அக்கவுண்டண்டின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும், அது வேறு விஷயம்.

இந்த எக்செல் படுத்திய பாட்டைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கம் வரைக்கும்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். பதினாறு இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். எண் பூஜ்யத்தில் ஆரம்பித்தால் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். கட்டத்தை முதலிலேயே 'எழுத்து' என்று மாற்றிவிட்டு அடித்தால் தப்பிக்கலாம், ஆனால் அது எத்தனை பேருக்குத் தெரியும்? தவறான எண் எந்தக் கணக்குக்கும் பொருந்தாவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும். யாருடைய கணக்குக்காவது பொருந்திவிட்டால் போயே போச்சு. ஏனென்றால் நெஃப்டில் வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் பார்த்து. பெயரைப் பொருத்திப் பார்ப்பது கட்டாயமில்லை. சரியான எண்ணைத் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டுவிட்டது. செக்கில் பெயர்தான் ராஜா. மின்னணுவில் எண்தான் ராஜா. இந்த மாற்றத்தை மக்கள் புரிந்துகொள்ள ரொம்ப நாளாயிற்று. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று சப்ளையர் பெயரில் பொய் மெயில் அனுப்பிப் பணம் சுருட்டியவர்கள் மட்டும் முதலிலேயே புரிந்துகொண்டார்கள். அனுப்புவதற்கு முன்னால் பெறுபவரின் பெயரைக் காட்டுகிற வசதியை நெஃப்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் வங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் கடைசியில்தான் உத்தரவு வந்தது. நெஃப்ட் பிறந்து பத்தொன்பது வருஷம் கழித்து!

பாலம் தயார். கடந்து போக ஆளுக்குக் கணக்கு வேண்டும். போசரியில் லேத் ஓட்டுகிற பையன் பிகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்திருப்பான். ஒரு அறையில் ஆறு பேர். வாடகை ஒப்பந்தம் கிடையாது, முகவரிச் சான்று கிடையாது. 2005-ல் ரிசர்வ் வங்கி குறைந்தபட்ச இருப்பு கேட்காத எளிய கணக்கைக் கொண்டுவந்தது. உண்மையைச் சொன்னால், கிளைகளில் அதற்குப் பெரிய உற்சாகம் இல்லை. ஆதார் வந்த பிறகும், 2014 ஆகஸ்டில் ஜன்தன் வந்த பிறகும்தான் நிலைமை மாறியது. 2016 நவம்பர் 8-க்குப் பிறகு கேட்கவே வேண்டாம். அடுத்த மாதம் கவரில் போட நோட்டு எங்கே? அதுவரை சாக்குச் சொன்ன பட்டறைகள்கூட அந்த டிசம்பரில் பட்டியலோடு வந்து நின்றன. அந்த டிசம்பர் 28-ல் 1936 சட்டமும் திருத்தப்பட்டது. வங்கிக் கணக்கில் போட எழுத்துச் சம்மதம் இனி தேவையில்லை.

இன்னும் ஒரு முள் பாக்கி இருந்தது. இந்தப் பேட்டைகளில் வார விடுமுறை வியாழக்கிழமை. ஞாயிறு முழு வேலை நாள். நெஃப்டோ வங்கி வேலை நாளில், பகலில் மட்டும். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளும் வங்கி விடுமுறை. 7-ம் தேதி ஞாயிறாக வந்தால், பட்டறையில் மெஷின் ஓடும், சம்பளம் ஓடாது. 2019 டிசம்பர் 16-ல் நெஃப்டும் 2020 டிசம்பர் 14-ல் ஆர்டிஜிஎஸ்ஸும் இருபத்துநான்கு மணி நேரமும் எல்லா நாளும் என்று ஆயின. ஈசிஎஸ்ஸின் வாரிசான நாச் 2021 ஆகஸ்ட் 1-லிருந்து எல்லா நாளும். அதோடு முள் கழன்றது.

இன்றைக்கு நாற்பது பேர் பட்டறையில் நடப்பது இதுதான். வாசலில் விரல் வைக்கிற மெஷின் வருகையைக் குறிக்கும். மென்பொருள் ஓவர்டைம், பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாம் பிடித்துச் சம்பளம் போடும். வங்கிக்கு ஒரு ஃபைல், பிஎஃப் அலுவலகத்துக்கு ஒரு ஃபைல். முதலாளி ஒரு ஓடிபி அடிப்பார். பையனின் போனில் 'டிங்'. எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில் ஏடிஎம் கார்டே கான்ட்ராக்டர் பையில் இருக்கிற கதையும் உண்டு. சம்பளம் சட்டப்படி முழுசாக விழும், மாலையில் ஒரு பகுதி வேறு கைக்குப் போகும். மெஷினால் பார்க்க முடிவது 'டிங்' வரைக்கும்தான்.

ஆனாலும் நேரம் தவறாமல் என்ற அளவில் சம்பளம் ஜெயித்தது. காரணம் தொழில்நுட்பம் மட்டுமில்லை, அந்த 7. தேதி சட்டத்தில் இருந்தது. தேதி தவறினால் நாற்பது பேர் ஷெட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். மெஷின் வந்து செய்ததெல்லாம் ஏற்கெனவே இருந்த கடமையைச் சுலபமாக்கியதுதான்.

இப்போது மறுபக்கம், 'பேமெண்ட்'.

செக் காலத்தில் சப்ளையருக்குப் பணம் தாமதமானால் சொல்ல நூறு சாக்கு. செக் டைப் ஆகிறது, கையெழுத்துப் போடுகிறவர் டூரில் இருக்கிறார், தபாலில் போட்டாகிவிட்டது, வெளியூர் செக் கலெக்ஷனில் இருக்கிறது. நெஃப்ட் வந்தபோது நான் உட்பட எல்லோரும் நினைத்தது, இனி இந்தச் சாக்கெல்லாம் போய்விடும், பணமும் வந்துவிடும் என்று. சாக்கு போய்விட்டது. பணம் மட்டும் 90 நாள்.

எப்படி என்றால், பெரிய கம்பெனியும் தானியங்கியாகிவிட்டது. அங்கே மாதம் இரண்டு முறை மென்பொருள் ஓடும். எந்தெந்தப் பில்லுக்குக் கெடு முடிந்ததோ அதையெல்லாம் தானே பொறுக்கி வங்கிக்கு ஃபைல் அனுப்பிவிடும். மனிதக் கை படாது. ஆனால் கெடு என்பது யாரோ ஒருவர் சப்ளையர் பதிவேட்டில் '90' என்று அடித்து வைத்தது. நாள் எண்ணத் தொடங்குவதும் சரக்கு இறங்கிய தேதியிலிருந்து அல்ல, அங்கே பில்லைப் பதிந்த தேதியிலிருந்து. பில் பதிய பத்து நாள், 90 நாள், அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் பத்து நாள். முன்பாவது தீபாவளிக்கு ஒரு பெட்டி ஸ்வீட்டோடு அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் போய்க் கெஞ்சினால் ஒரு செக் முன்னால் நகரும். இப்போது 'சிஸ்டம் எடுக்காது' என்பார்கள். உண்மையிலேயே எடுக்காது. தாமதமும் பிசிறில்லாமல் தானியங்கியாகிவிட்டது.

இதில் பலரும் கவனிக்காத நஷ்டம் ஒன்று உண்டு. செக் காலத்தில் பேரம் பேசத் தெரிந்தவர் பின்தேதியிட்ட செக் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார். 1989 ஏப்ரலிலிருந்து செக் திரும்பினால் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு. அந்தக் காகிதம் கையில் இருந்தால் ஒரு பிடி. நெஃப்டில் அப்படி ஒன்றும் கிடையாது. வருகிற வரை கையில் எதுவுமில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1993-லேயே சிறுதொழில்களுக்குத் தாமதமானால் வட்டி என்று ஒரு சட்டம் போட்டார்கள். 2006 அக்டோபர் 2-ல் அமலுக்கு வந்த எம்எஸ்எம்இ சட்டம் இன்னும் தெளிவு. ஒப்பந்தம் இருந்தால்கூட அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. படிக்கவே இனிக்கும். ஆனால் வழக்குப் போட வேண்டியது சப்ளையர், யார் மேல்? நாளைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியவர் மேல். 2017-ல் சமாதான் என்று இணையத்திலேயே புகார் கொடுக்க வழி செய்தார்கள். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களில் புகார் கொடுத்தவர்கள், அந்தக் கம்பெனியோடு வியாபாரத்தை ஏற்கெனவே முடித்துக்கொண்டவர்கள் மட்டுமே.

ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? மாதம் 20 லட்சம் பில் போடுகிற பட்டறை. 90 நாள் என்றால் 60 லட்சம் எப்போதும் வெளியே. அதை எங்களிடம் 11 சதவீத வட்டிக்கு வாங்கி ஓட்டினால் வருஷம் 6,60,000, மாதம் 55,000. ஆளுக்கு 18,000 என்று வைத்தால் மூன்று ஆபரேட்டர் சம்பளம். 45 நாளில் வந்தால் இதில் பாதி மிச்சம். அதாவது, பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன், அதற்கு வட்டி கட்டுவது பட்டறைக்காரர், வாங்கிக்கொள்வது எங்கள் வங்கி. என் வேலையில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். இந்தக் கடனை நல்ல கடன் என்று நானே பரிந்துரை எழுதுகிறேன், விதிப்படி அது நல்ல கடன்தான்.

அவர் மட்டும் என்ன செய்வார்? 7-ம் தேதி சம்பளத்தைத் தள்ள முடியாது. பிஎஃப், ஜிஎஸ்டி தள்ள முடியாது. தள்ள முடிந்தது அவருக்கும் கீழே இருக்கிறவரை, முலாம் பூசித் தருகிறவரை, சூடேற்றிக் கடினமாக்கித் தருகிறவரை. பட்டறையின் புது மென்பொருளில் சம்பளத்துக்கு 'அனுப்பு' என்று மட்டும் பொத்தான். சப்ளையர் பக்கத்தில் 'அனுப்பு' ஒன்று, 'நிறுத்தி வை' ஒன்று.

அண்மையில் இரண்டு முயற்சிகள் கொஞ்சம் நம்பிக்கை தந்தன. ஒன்று, டிரெட்ஸ். ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் விதிமுறை போட்டு 2017-ல் ஓடத் தொடங்கியது. சப்ளையரின் பில்லை இணையத்தில் ஏற்றி, வாங்கியவர் 'ஆம், இது நான் தர வேண்டியதுதான்' என்று ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு அதைத் தள்ளுபடிக்கு எடுக்கும். சப்ளையருக்கு ஓரிரு நாளில் பணம். பின்னால் கம்பெனி கொடுக்காவிட்டாலும் சப்ளையரிடம் திரும்பக் கேட்கக் கூடாது. வட்டி விகிதமும் பெரிய கம்பெனியின் தரத்தைப் பார்த்து, பட்டறையைப் பார்த்து அல்ல. 2018-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்வது கட்டாயம் என்றார்கள், 2024 நவம்பரில் அதை 250 கோடியாகக் குறைத்தார்கள். சேர்வதுதான் கட்டாயம். வந்த பில்லை ஏற்றுக்கொள்கிற சொடுக்கு அவர்கள் கையில்.

இரண்டாவது, 2023 நிதிச் சட்டத்தில் வந்த 43பி(எச்). குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம். வேறெந்தச் சட்டமும் செய்யாததை இது செய்தது. 2024 மார்ச் கடைசி வாரத்தில் இங்கே சில பட்டறைகளின் கணக்கில் ஆறு மாத பாக்கி மொத்தமாக வந்து விழுந்ததை நான் பார்த்தேன். புகார் தேவையில்லை, வக்கீல் தேவையில்லை, ஆடிட்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதே மாதத்தில் என் வாடிக்கையாளர் ஒருவரிடம் அவருடைய வாங்குநர், உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். பதிவு இல்லாவிட்டால் 45 நாள் பேச்சே எழாதே. அவர் ரத்து செய்யவில்லை. ஆர்டர் கொஞ்சம் குறைந்தது என்றார்.

2025 அக்டோபர் 4 முதல் செக்குகூட ஸ்கேன் செய்த சில மணி நேரத்தில் பாஸாகிறது. பணம் நகர இதைவிட வேகம் இனி யாருக்கும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அதே நவம்பர் 21-ல் 1936 சட்டத்தின் இடத்தில் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. மாதச் சம்பளத்துக்கு அதிலும் 7 நாள்தான்.

கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சப்ளை செய்கிற நண்பர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு எத்தனை நாளில் வருகிறது? பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கு இறக்கிய தேதியிலிருந்து எண்ணிச் சொல்லுங்கள்.